ஒன்பது கிலோ

லியபாயாவில் டிராம் திரும்பும் முனையில்
ஏழு படி இறங்கினால் என் பட்டறை.
நேற்று குன்வால்டிஸ் இரண்டு தூசி உறிஞ்சிகளோடு வந்தார்,
ஒன்று தள்ளுவண்டியில், ஒன்று கக்கத்தில்.
"எது தேறும், சொல் விஸ்மா.
ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது."

பழையது சோவியத் காலத்து இரும்பு உருளை,
பச்சை பெயின்ட், ராக்கெட் மூக்கு.
நான்கு திருகாணி. நான்கும் சொன்ன பேச்சைக் கேட்டன.
கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.
மாற்றிப் போட்டதும்
தூக்கம் கலைந்த மாலுமியைப் போலக் கனைத்தது.

புதியது ஊதா பிளாஸ்டிக்.
திருகாணியே இல்லை.
எங்கே நெம்புவது என்று அரைமணி தடவினேன்;
திறந்தபோது ஒரு கொக்கி முறிந்தது.
பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.
மூன்று வயது. அதற்குள் கிழம்.

சீட்டில் எழுதிவிட்டேன்:
பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் அதைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்பது கிலோ.
நாற்பத்தாறு வருடம் உழைத்தது என்கிறோமே,
அதில் எத்தனை வருடம்
அலமாரிக்கு அடியில் படுத்தே கிடந்தது?
தேய்ந்தது பிரஷ் மட்டுமா,
மிர்ட்ஸாவின் இடுப்பும்தானே.

குழாயின் முழங்கையில் ஏதோ கலகலத்தது.
கம்பி விட்டு இழுத்தேன்:
அம்பர் தோடு. ஒற்றை.
அழுக்கு நூல்சுருளுக்குள் தேன் நிறம்.

குன்வால்டிஸ் உட்கார்ந்துவிட்டார்.
எண்பத்து நாலில் தொலைந்ததாம்.
விருந்துக்கு வந்திருந்த இவர் தங்கைமேல்
பழி போட்டாளாம் மிர்ட்ஸா.
வெண்ட்ஸ்பில்ஸுக்கு பஸ் ஏறிய தங்கை
அப்புறம் வரவே இல்லை,
மிர்ட்ஸாவை அடக்கம் செய்த அன்றும்.

ஊதாக்காரனின் குடுவையைப் பார்த்தேன்.
நாய் மயிர், ரொட்டித் தூள், ஒரு பொத்தான்,
எல்லாம் வெட்டவெளிச்சம்.
அன்று இது இருந்திருந்தால்
மாலைக்குள் தெரிந்திருக்கும்.
மூன்றே வருடத்தில் செத்தும் போயிருக்கும்,
போகட்டுமே.

சொல்லவில்லை.
பட்டறைக்காரிக்கு அது வேலையில்லை.

அவர் தோட்டைச் சட்டைப்பையில் போட்டார்,
எடுத்தார், மறுபடி போட்டார்.
"புது பேட்டரி எவ்வளவு?"
முப்பத்தெட்டு யூரோ. கொக்கிக்குத் தனி.
"போடு."
நாலாம் படியில் நின்று, திரும்பாமல் கேட்டார்:
"வெண்ட்ஸ்பில்ஸ் பஸ் இன்னும் ஆறரைக்குத்தானா?"

இரும்பு உருளை இப்போது என் கதவுக்கு முட்டு.
இந்த ஊரில் காற்றுக்கு ஓய்வே கிடையாது,
கதவு சும்மா சும்மா அறையும்.
நல்ல கனம்.
அசைவதே இல்லை.