பன்னிரண்டாவது கட்டம்

ஒரு தீமுக்குப் பன்னிரண்டு கட்டங்கள்.
இரண்டு இருட்டு, இரண்டு வெளிச்சம்,
கண்ணை இழுக்க ஆறு நிறங்கள்,
சொடுக்கப்போகும் இணைப்புக்கு ஒன்று,
சொடுக்கிவிட்டுத் திரும்பிய இணைப்புக்கு ஒன்று.
திருப்பூர் பி.என். ரோட்டில்
மூன்றாம் மாடி நாற்காலிக்கு
உலகம் அவ்வளவுதான்.

கீழ்மாடியில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடும்.
என் மேசையில் டீ நடுங்கும்.
அந்த நடுக்கத்தோடேயே
ஒரு பச்சையை இரண்டு புள்ளி இறக்குவேன்.

நான் விற்பது நிறமில்லை,
நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி.
ஒரு கட்டத்தை மாற்றினால்
நாற்பது ஸ்லைடும் ஒரே மூச்சில் மாறும்,
தலைப்பு, அம்புக்குறி, லாபத்தின் பட்டைகள்,
கடைசிப் பக்கத்து நன்றி வரைக்கும்.

பெருந்துறைக் கோழித்தீவனக்காரர்கள்
என் கத்தரிப்பூ நிறத்தைத் தூக்கிவிட்டு
மஞ்சளில் எழுத்துப் போட்டார்கள்.
புரொஜெக்டரில் தெரியாதுங்க என்றேன்.
தெரியவில்லை.
ஆர்டர் மட்டும் கிடைத்ததாம்.

சாயப்பட்டறைச் சென்னியப்பன் வேறு மாதிரி.
மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு
இருபது ஸ்லைடு வேண்டுமென்று வந்தவர்
திரையின் நீலத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.
"இது டியூப்லைட்டுக்கு ஒண்ணு,
வெய்யிலுக்கு ஒண்ணு காட்டும்ங்."
பையிலிருந்து ஷேடு கார்டை உருவி
ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பிடித்தார்.
எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.
சிக்கலே அதுதான்.

ஏழாம் ஸ்லைடில் வரைபடம்.
நொய்யலைச் சாம்பல் கோடாக இழுத்திருந்தேன்.
"ஏனுங் அம்மணி,
ஆத்தக் கொஞ்சம் நீலமாக்கிப் போடுங்."
சொடுக்கினேன்.
வெள்ளியங்கிரி தொடங்கி ஒரத்துப்பாளையம் வரை
ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நானும்.
"இப்பெல்லாம் தண்ணி வெளிய உடறதே இல்லீங்,
சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கறோம்."
நிஜமாகவே இருக்கலாம்.
ஆய்வு அறிக்கையும் கொடுத்தார்,
பதினாறாம் ஸ்லைடில் இணைப்பாகப் போட.
ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.
அவர் சொன்ன அளவுக்கு
அதன் எண்கள் உறுதியாகச் சொல்லவில்லை.

மறுநாள் வளர்மதி பாலத்தில்
ஸ்கூட்டியை ஓரங்கட்டி
கம்பிக்கு வெளியே போனை நீட்டி ஒரு படம்.
பின்னால் டவுன்பஸ்
காது கிழிய ஹாரன் அடித்தது.

அந்தப் படத்தில்
நிறம் உறிஞ்சும் குழலை வைத்தேன்.
பழுப்பில்லை, ஊதாவில்லை,
நவாப்பழம் தின்ற நாக்குமில்லை.
பெயர் கிடையாது,
ஆறிலக்க எண் மட்டும் உண்டு.

எங்கே வைப்பது இதை?
பின்னணியில் வைத்தால் கேள்வி வரும்.
பட்டைகளில் வைத்தால் லாபம் அழுக்காகும்.
வாடிக்கையாளர்கள் எல்லாக் கட்டத்தையும் நோண்டுவார்கள்,
பன்னிரண்டாவதை இதுவரை
ஒருத்தரும் தொட்டதில்லை.
போய்வந்த இணைப்பு என்ன நிறமானால் யாருக்கென்ன?
அதில் ஊற்றி மூடினேன்.
இதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன்.
அறிக்கையைத் திறக்கிறவருக்குத் தெரியும்,
திறக்காதவருக்கு எல்லாமே நீலம்.

வியாழக்கிழமை போன் வந்தது.
கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதுங்.
மீதிப் பணம் போட்டுட்டனுங்.
"அறிக்கையைத் திறந்தாங்களா?" என்றேன்,
கணக்குக் கேட்கிற குரலில்.

"யாருங் தொறப்பா.
கடசீ வரிசையில ஒரு புள்ள,
புதுசா வேலைக்கு வந்துதாட்ட இருக்குது,
அது தொறக்கச் சொல்லுச்சு.
முழுசாப் படிச்சுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவர் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்பி வந்தப்ப அந்த எழுத்து
வேற கலராயிருந்துதுங்.
அதென்ன ஷேடுங் அம்மணி?
கார்டுல தேடித் தேடிப் பாத்தேன், இல்லை.
ஆனா எங்கியோ
பாத்தாப்புல இருக்குதுங்."