ஏனாம் பூலோ

லியோங்குக்குக் காய்ச்சல்.
லாபிஸ் கடைத்தெருவில் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு
கேமராவை என் கழுத்தில் மாட்டியவர்
இரண்டே சொல் சொன்னார்: ஏனாம் பூலோ.
அறுபது. குமிழ் அறுபதில் நிற்கட்டும்,
மற்றதை அந்த டப்பா பார்த்துக்கொள்ளும்.

டப்பா என்றது ஃப்ளாஷை.
கேமராவின் தலையில் செருகினால்
கொண்டை போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.
முதுகில் ஒரு வாய்ப்பாடு:
எட்டடிக்கு எட்டு,
பதினோரடிக்கு ஐந்து புள்ளி ஆறு,
பதினாறடிக்கு நான்கு.
அதற்கு அப்பால் நிற்பவர்களுக்குக் கணக்கு இல்லை.
விசையைத் தள்ளினால் கொசுபோலத் தொடங்கி
கொசுவுக்கே கேட்காத உயரத்துக்கு ஏறும்.
பிறகு ஆரஞ்சு விளக்கு, ஒரு பொட்டளவு.

மூன்றாம் டிவிஷன் மண்டபம்.
பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள் என்று
எல்லோருக்கும் அவசரம்,
தாலி எடுத்துக் கொடுத்தவருக்கும்.
லோரியில் குலுங்கி வந்தபோதோ
பையில் கிடந்த குடைக்கம்பி இடித்தோ
குமிழ் ஒரு பல் நகர்ந்திருக்கிறது.
அறுபதுக்கு அடுத்தது நூற்றிருபத்தைந்து.
ஒரு பல்தான்.

முப்பத்தாறு முறை மின்னியது.
முப்பத்தாறு முறையும்
இரண்டு பக்கத்து ஆட்களும் கண்ணைக் கசக்கிச் சிரித்தார்கள்.
வெளிச்சம் எல்லோர் மேலும்தான் விழுந்தது.
நான் பார்த்தேன்.

கேமராவுக்குள் இரண்டு திரை.
ஒன்று விலகி முடிக்கும் நேரம்
மற்றது பாதி தூரம் வந்துவிட்டிருந்தது.
ஈரம் சொட்டச் சொட்ட
பிலிம் சுருளைச் சிவப்பு விளக்கைத் தாண்டி
வெளியே கொண்டுவந்து பார்த்தேன்:
ஒவ்வொரு கட்டத்திலும் பாதி வெறுமை.
கோடு குணவதியின் இடது காதோடு போயிருந்தது.
மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் விடாமல் இருந்தார்கள்.
பெண் வீட்டார் ஒருவரும் இல்லை.

மாமனார் அப்பலசாமி படங்களைச் சீட்டுக்கட்டாய்த் தட்டி
ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
“நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க” என்றார்.
“ஆனா பாதிப் படம். பாதிக் காசு.”
நாற்பத்தைந்து வெள்ளி பேசியதற்கு
இருபத்திரண்டரை எண்ணி வைத்தார்.
லியோங் என்னைத் திட்டவில்லை.
குமிழின்மேல் பிளாஸ்திரி ஒட்டினார்,
காயத்துக்கு ஒட்டுவதுபோல.

சம்பளம் போட்ட மறுநாள்
குணவதி தனியாக வந்தாள்.
நகக்கண்ணில் காய்ந்த பால்.
“எங்கப்பா இந்தப் பக்கம் நின்னாரு” என்று
கறுப்பில் விரல் வைத்தாள்.
சித்தியவானிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவர்,
விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டாராம்.
அந்தக் கறுப்பைக் கழுவ முடியுமா என்று கேட்டாள்.

இரவு இருட்டறையில் முயன்றேன்.
வெளிச்சத்தைக் குறைத்து, தாளை மாற்றி,
மூச்சைக்கூட அளந்து விட்டுப் பார்த்தேன்.
மண்டபத்துக் குழல்விளக்கின் தயவில்
ஒரு சட்டைக் காலர் வந்தது.
அது அவருடையதா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

பத்தொன்பதாவது படத்தை அவள்தான் கண்டுபிடித்தாள்.
நான் வீண் என்று ஒதுக்கியது.
கறுப்பிலிருந்து ஒரு கை நீண்டு வந்து
அவள் நெற்றியில் திருநீறு இடுகிறது.
மணிக்கட்டு வரைக்கும் இருக்கிறது,
அதற்கு மேல் இல்லை.
கடிகாரம் கட்டிய கை.
“இரவல் வாங்கினது” என்றாள்,
கண்ணருகே வைத்து மணி பார்த்தாள்.
எட்டு ஐம்பது.

பெரிதாக்கித் தரச் சொன்னாள்.
கையையும் முகத்தையும் மட்டும் எடுக்கட்டுமா,
தாளும் மிச்சம், காசும் மிச்சம் என்றேன்.
“கறுப்பை வெட்டிடாதீங்க.
அவரு அதுலதான நிக்கிறாரு.”

முழுப் படத்துக்கும் காசு கொடுத்தாள்,
மாசம் ஒரு வெள்ளியாக.