இரு முனையும் திறந்தபடி

புத்தக அஞ்சலை ஒட்டக் கூடாது.
இரு முனையும் திறந்திருக்க வேண்டும்,
சோதிக்கிறவன் விரல் நுழையும் அளவுக்கு.
சட்டம் அது. விரல் என்னுடையது.
காட்பாடி ஜங்ஷன், ஆர்.எம்.எஸ்., இரவு ஷிப்டு.

எழுபத்து நாலாம் வருஷத்து இலக்கியம்
எனக்கு விளிம்பு விளிம்பாகத்தான் தெரியும்.
ஏதோ ஒரு நாவல், எண்பத்தொன்றாம் பக்கம்:
கிணற்றடியில் ஒருத்தி வாளியை வைத்துவிட்டு
“சரி” என்கிறாள்.
எதற்குச் சரி என்றாளோ,
மங்களூர் மெயில் வந்துவிட்டது.

தாள் விலை ஏறிய வருஷம்.
தையில் கனத்த பத்திரிகைகள்
சித்திரையில் இளைத்துப்போயின.
கட்டைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்தது.
எடை போட்டு விமர்சனம் எழுதுகிறவர் யாருமில்லை.

குடியாத்தத்திலிருந்து ‘கசிவு’ வரும்.
பதினாறு பக்கம், முதுகில் ஒரே ஒரு பின்.
ஆசிரியர் சம்பங்கி, தீப்பெட்டி ஆபீசில் கணக்கர்.
நூற்றுப் பன்னிரண்டு முகவரியும் அவர் கையெழுத்து;
ழகரத்தின் வால் அடுத்த வரிவரை இறங்கும்.
நாலாம் இதழில் வாணியம்பாடி முனீரா,
தோல் ஷாப்பில் ஊறிய கையை
எதில் துடைத்தாலும் அது தோலாகிறது என்று தொடங்கியிருந்தாள்.
மீதி மடிப்புக்குள்.
உருவிப் படித்தேன். அது சட்டத்தில் இல்லை.

மே எட்டு, ரயில் நின்றது.
எங்களுக்கு ஸ்டிரைக் இல்லை, நாங்கள் தபால்.
கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாக்குகளோடு உட்கார்ந்தோம்.
வெளியே தண்டவாளம் காய்ந்தது, ஆறியது, மறுபடி காய்ந்தது.
இருபது நாள்.
இடப்பக்கச் சாக்கில் ‘கசிவு’ ஐந்து.
வலப்பக்கத்தில் குடியாத்தம் போக வேண்டிய சாக்கு, நானே கட்டியது:
சம்பங்கிக்கு மணியார்டர் பதினேழு,
பேரணாம்பட்டு எபினேசரின் கதையைப் பாராட்டி
திருவண்ணாமலையிலிருந்து ஒரு கார்டு,
அதே கதையைத் திட்டி ஒரு கவர்; அது கனம்.
இரண்டுக்கும் நடுவே நாலடி.
அங்கேதான் ஜமுக்காளம் விரித்துப் படுத்தேன்.

ஓடிய முதல் வண்டியில்
சம்பங்கியின் கார்டுகள் இறங்கின. நூற்றுப் பன்னிரண்டு.
கார்டுக்கு முனை கிடையாது, முழுக்கத் திறப்பு.
‘அச்சகத்தார் எழுத்தைக் கலைத்துவிட்டார்.
தாளையும் விற்றாயிற்று. இத்துடன் நிற்கிறது.
பாக்கிச் சந்தா பிறகு.’

ஐந்தாம் இதழும் அது நின்ற சேதியும்
ஒரே ராத்திரி, ஒரே புறாக்கூண்டு, ஒரே முகவரி.
கார்டுகளை ஒரு நாள் பிடித்து வைத்திருக்கலாம்.
மணியார்டர் முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்,
அவரே ஓடி வந்து கார்டுகளைத் திருப்பிக் கேட்டிருப்பார்.
கேட்டிருப்பாரோ என்னவோ.
கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது:
ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி.

ஐப்பசியில் வங்காளத்துப் பூஜா மலர், செங்கல் கனம்.
வேலூர், ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜ்,
அறை பதினொன்று, நிர்மலேந்து தத்தா.
எழுத்து தெரியாது, மை வாசம் தெரிந்தது.
ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது: ‘ஆள் இல்லை.’
குணமாகிப் போனாரா என்று முத்திரை சொல்லாது.

மறு வருஷம் டில்லியிலிருந்து ஒரு கட்டு,
வேலூர்க் கல்லூரி நூலகத்துக்கு.
சென்ற ஆண்டின் இந்திய இலக்கியம், மொழிவாரியாக.
இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
தமிழுக்கு இரண்டரைப் பக்கம்.
கடைசி வரி: சில சிறு பத்திரிகைகள் தோன்றி மறைந்தன.
தப்பு சொல்ல முடியாது. தோன்றின. மறைந்தன.

அந்த வாரமே சம்பங்கி நேரில் வந்தார்,
தீக்குச்சி மருந்து நகக்கண்ணில்.
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று,
“இன்னாபா, நம்ம அஞ்சாம் நம்பர் எல்லார்க்கும் போச்சா?”

“போச்சு சார்.”

“சரி” என்றார்,
வாளியை வைப்பது போல.