சிடி ஒன்று பன்னிரண்டு ரூபாய்

கடைசி லோக்கல்
சுன்னாபட்டியைக் கடந்த பிறகுதான்
மின்விசிறியை அணைப்போம்.
பீரோவுக்குள் தலையை விட்டுச்
சேலைகளுக்கு நடுவே பாடுவாள் ஜெசிந்தா.
மைக்குக்கு என் சாக்ஸ்.

மூன்றாம் சரணத்தில்
ஜன்னல் கம்பிப் புறா
சுருதி சேராமல் முனகும்.
"மறுபடியும்" என்பேன்.
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு
என்னை முறைத்துவிட்டுப்
பாடுவாள்.

விடியும் நேரம் சிடி எழுத வைத்தேன்.
தொண்ணூற்றாறு சதவீதம்.
சும்மா இருக்காமல் மவுஸைத் தொட்டேன்,
உறைந்துவிட்டது கம்ப்யூட்டர்.
இதோடு ஏழு பாழ்.

ஏழையும் நூலில் கோத்துக்
கம்பியில் தொங்கவிட்டாள்,
புறா விரட்ட.
வெயில் ஏறியதும்
எதிர்வீட்டுச் சுவரெல்லாம் வட்டம் வட்டமாய் ஆட்டம்.

புறா வந்தது.
சிடியில் தன்னைப் பார்த்தது.
கழுத்தைச் சிலுப்பி
முழுசாகப் பாடிவிட்டுப் போனது,
ஒரே டேக்கில்.