தடைக்காலம்

மூணாம் பிள்ளை வேண்டாமென்று நான் சொன்னது நிஜம்.
எப்படி வேண்டாமென்று யாரும் கேட்கவில்லை.

பிரசவ அறையில் இரண்டு குழல்விளக்கு,
ஒன்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.
"காப்பர் டி போட்டாச்சு"
பாப்பாவின் எடையைச் சொன்ன அதே குரல்.

சின்னப்பாலத்தில் பாசிக்கு மாசம் பன்னிரண்டு நாள்:
அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு.
என் உதிரம் பதினோரு நாள்.
நிலாவுக்கும் எனக்கும் கணக்கு ஒத்துப்போவது
கேட்க நன்றாய்த்தான் இருக்கும்.
விரலில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
முங்கி முங்கி மரிக்கொழுந்துப்பாசி பறிப்பவளுக்கு
அது கூலி.
இடுப்பு வலையில் பாசி ஏற ஏற
அடிவயிற்றில் ஒரு கொக்கி.

நம்புராஜன் நல்லவன்தான்.
"நரம்பு குத்துது" என்றான் ஒரு ராத்திரி.
தூண்டில் நரம்பைச் சொல்கிறான், அவனுக்குத் தெரிந்த நரம்பு.
அதற்குப் பிறகு அவன் முதுகைப் பார்த்துப் படுத்தேன்.
குத்தியது அவனுக்கு,
குற்றம் எனக்கு.

எடுத்துவிட்டு ஊசிக்கு மாறினேன்.
மூணு மாசத்துக்கு ஒன்று, இலவசம்.
உதிரம் நின்றது, வலி நின்றது,
கூடவே இன்னொன்றும்.
முன்பெல்லாம் அவன் மீசையில் உப்பு வாசம் வந்தால்
காதுமடல் சுடும்.
இப்போது அது வெறும் உப்பு.
கச்சான் அடித்தும் சுருக்கம் விழாத தண்ணீராய்க் கிடந்தேன்.

நர்ஸ் ஸ்டெல்லா பதிவேட்டில் கட்டம் கட்டமாய்க் கேட்டாள்:
தலைவலி, எடை, மயக்கம், ரத்தப்போக்கு.
"வேற ஏதாச்சும்?"
சொன்னேன்.
பேனாவை மூடினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து,
"எனக்கும்தாங்க்கா" என்றாள்.
இரண்டு பேருடையதும்
எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

சித்திரையில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடந்தன.
மீன் சினை வைக்க அறுபத்தோரு நாள்
சர்க்கார் கடலை விட்டுத்தரும். நிவாரணமும் உண்டு.
பாசி தழைக்கட்டுமென்று நாங்களும் தீவுப்பக்கம் போகோம்.
அந்தத் தடைக்கெல்லாம் முடிகிற தேதி இருக்கிறது.

ராத்திரியெல்லாம் அவன் வீட்டில்.
பத்தாம் நாள் சொன்னேன்:
இனி ஊசி கிடையாது. ஆம்பளைக்கும் ஒன்று இருக்கு,
தையல் இல்லை, பத்து நிமிஷம்.
சிரித்தான். பிறகு பயந்தான்.
"நங்கூரம் தூக்க முடியாதாம்ல.
ஆசையும் கொறஞ்சிருமாம்."

ஆசை.
கட்டி ஏழு வருஷம்,
அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் அவன் வாயில் கேட்டேன்.
அவனுக்குப் போகுமென்றால்
அதற்கொரு பேர் இருக்கிறது.

"எனக்குப் போயிருச்சு" என்றேன்.
"எது?"
"நீ சொன்னதுதான்."

வலை முடைகிற ஊசி
அவன் விரலிடையில் அப்படியே நின்றது.

மறுநாள் மண்டபம் போய் வந்தான்.
மருந்துக்கடைப் பொட்டலம், பழைய தாளில் சுற்றி,
மீன் கவிச்சி படாமல் சட்டைப்பையில்.
ஆபரேஷனை இன்னும் யோசிக்கிறானாம்.

பதினேழாம் தேதி ஊசித் தவணை. நான் போகவில்லை.
காதுமடலை
அடுப்படியில் நிற்கும்போதெல்லாம்
தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.
இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது.