எட்டு

காலை ஒன்பதரைக்கு
என் முதல் சொல்: 'கேட்குதா?'
முந்தின ராத்திரிக்குப் பிறகு
வாயே திறக்கவில்லை என்பது
அப்போதுதான் உறைக்கிறது.
ஃப்ரிட்ஜில் வைத்த மாவு மாதிரி
கட்டிதட்டி வருகிறது குரல்.
மைக்கை மாற்றுங்கள் என்கிறார்கள்.

கக்கதாசபுரா. மூன்றாம் மாடி.
படுக்கையிலிருந்து ஆபீஸ் நான்கு எட்டு.
ஆபீஸிலிருந்து அடுப்பு ஆறு எட்டு.
சாப்பாடு பெரும்பாலும் வாணலியிலேயே,
நின்றபடி,
கரண்டியால்.
தட்டு எடுத்தால் கழுவவேண்டும்.
கழுவினால் நாளைக்கும் எடுக்கவேண்டும்.

ரத்தம் எடுக்க வந்த பையன்
ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வைட்டமின் டி ஒன்பது என்று
மறுநாள் மெசேஜ் வந்தது.
முப்பது இருக்கவேண்டுமாம்.
கணக்குப் பரீட்சையில்கூட நான்
ஒன்பது வாங்கியதில்லை.

புங்கமரத்தடி இஸ்திரி வண்டி நஞ்சுண்டி
துணி எண்ணும்போது
ஒருநாள் கேட்டேவிட்டான்:
'எட்டு சட்டை. போன வாரமும் எட்டு.
பேண்ட்டே வர்லியே சார்.
உனுக்கு காலு கீதா இல்லியா?'
சிரித்தேன்.
படியேறும்போது இரண்டு இடத்தில் நின்று
மூச்சு வாங்கினேன்.
கீதா?

மதுரையிலிருந்து அக்கா வீடியோ அனுப்பினாள்.
எட்டு போட்டு நடந்தால்
முழங்கால், முதுகு, மலச்சிக்கல், மனசு
எல்லாம் சரியாகுமாம்.
அவள் அனுப்புவதை நான் திறப்பதேயில்லை.
திறந்தேன். சாக்பீஸ் வாங்கினேன்.
மொட்டைமாடியில் இரண்டு தண்ணீர் டாங்க்,
இரண்டையும் சுற்றி ஒரு பெரிய எட்டு.
முதல் நாள் நாலே சுற்றில் கிறுகிறுத்தது.
எதிர் பிஜி மாடியில் ஒரு பெண்
பல் விளக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.
லைசென்ஸுக்கு எட்டு போட்டபோது
காலை ஊன்றிவிட்டேன், அன்றைக்கு பெயில்.
இங்கே ஊன்றத்தான் சொல்கிறார்கள்.

வெயில். டாங்க் நிரம்பி வழியும் சத்தம்.
இருபத்தோராம் நாள் தட்டு எடுத்தேன்.
பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.
தட்டு எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் காய்ச்சல்.
மூன்று நாள் 'கேட்குதா' கூடச் சொல்லவில்லை.
லீவு எழுதியிருந்ததால் யாரும் தேடவில்லை.
முறை அதுதான், குறை சொல்லமுடியாது.
பாத்ரூமுக்கு எட்டு எட்டு.
ஐந்தாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு
இங்கே விழுந்தால் எப்போது தெரியும்
என்று கணக்குப் போட்டேன்.
வீட்டு ஓனருக்கு, ஒன்றாம் தேதி.
பால்காரனுக்கு, ஒருவேளை,
வாசலில் நாலு பாக்கெட் சேர்ந்தால்.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.
கரிப்புகை வாசனையோடு நஞ்சுண்டி.
'மாடியில சுத்தற தலை
மூணு நாளா காணோம். அதான்.'
கேமராவுக்கு நான் இடுப்புக்கு மேல்.
தெருவிலிருக்கும் இவனுக்கோ
கைப்பிடிச் சுவர் தாண்டித் தெரியும்
தலைமுடி மட்டும்.
இரண்டு இளநீர் வாங்கிவந்து கொடுத்தான்.
மறக்காமல் கணக்கில் எழுதினான்.

மாற்றுச் சாவியை அவனிடம் தந்தேன்.
வண்டியின் உள்பக்க ஆணியில்
ஏற்கெனவே ஐந்து சாவிகள்.
யாருடையவை என்று கேட்கவில்லை.
என்னுடையதில் துணித்துண்டு ஒன்றைக் கட்டி
என் சட்டைக் காலரில் போடும்
அதே குறியைப் போட்டான்.

இந்த வாரம் ஆறு சட்டை, ஒரு பேண்ட்.
விரித்துப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் தெளித்துத் தேய்த்து
கத்தி மாதிரி மடிப்பு வைத்தான்.
அதைப் போட்டுக்கொண்டு
எங்கே போவதென்று தெரியாமல்
ரயில்வே கேட் வரை போனேன்.
மூடியிருந்தது.
ஸ்கூட்டர், ஆட்டோ, கீரைக்காரி,
ஹெல்மெட்டுக்குள் யாரையோ திட்டும் ஒருவன்,
எல்லோரோடும் நானும்
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
எடை மாற்றிக்கொண்டு
நின்றேன்.