தீமிதிக்கு ஒன்பது நாள் முன்பு

குளிரூட்டி உறுமுகிறது என்றார்கள், போனேன்.
சேந்த்-ஆந்த்ரேவுக்கு வெளியே
ஆலைக்குப் போகும் டிராக்டர்கள்
தார்ச்சாலை முழுக்கக் கரும்புத் தோகை உதிர்க்கும் வாரம்.
தகரக் கொட்டகை. நாலு எஃகுத் தொட்டி.
பலகையில் 'அர்முதோம் பீர் பட்டறை'.
இரண்டு தரம் படித்த பிறகுதான்
உள்ளிருந்த ஆறுமுகம் அகப்பட்டான்.

பழுது பெரிதல்ல. விசிறியில் ஒரு பல்லி.
எடுத்துப் போட்டு, ரசீது எழுதி,
கை கழுவித் திரும்பினால்
மேசையில் ஐந்து சின்னக் கண்ணாடி டம்ளர்,
அவற்றுக்கு அப்பால்
மஞ்சள் காப்புக் கட்டிய ஒரு மணிக்கட்டு.

"பதினெட்டு நாள் விரதம்,"
கிரியோலில் சொன்னான் ஃப்ரெதெரிக் அர்முதோம்.
"இன்னும் ஒன்பது இருக்கு, தீ மிதிக்க.
கறி இல்ல, மீன் இல்ல, என் பீரும் இல்ல.
ஆனா நாளைக்கு இதைப் போத்தல்ல அடைக்கணும்.
இன்னிக்கு நீங்கதான் எனக்கு நாக்கு."

நான் காரைக்கால்காரன்.
என் பிரெஞ்சு திருகாணி, வால்வு, மின்கட்டணம்.
ருசிக்கென்று அதில் சேர்த்து வைத்தது
'நல்லா இருக்கு' ஒன்றுதான்.

முதல் டம்ளர் வைக்கோல் நிறம்.
நல்லா இருக்கு என்றேன்.
அவன் பேனா நகரவில்லை.

இரண்டாவதில் கொம்பவா போட்டிருந்தான்.
நார்த்தை இலையைக் கசக்கி
யாரோ மூக்கடியில் பிடித்தது மாதிரி.
"நார்த்தை" என்றேன், தமிழிலேயே,
விரல்களைத் தேய்த்துக் காட்டி.
எழுதிக்கொண்டான்.

மூன்றாவது, மலை மேலிருந்து இறங்கும் ஜெரேனியம்.
எனக்கு அது சவரக் கடைத் துண்டு.
சொல்லாமல் விழுங்கினேன்.
என் புருவத்தைப் பார்த்து
அதையும் எழுதிக்கொண்டான்.

நான்காவது கறுப்பு.
அடிபிடித்த வெல்லப்பாகு,
அதன் பின்னால் கசப்பு,
கசப்புக்கும் பின்னால் ஒன்று வந்து
உள்கன்னத்தைக் கிள்ளி இழுத்தது.
"அமேர்?" என்றான்.
கசப்பில்லை.
"அசீத்?"
புளிப்பும் இல்லை.
நான் கற்ற பிரெஞ்சில்
துவர்ப்புக்கு இடம் விட்டிருக்கவில்லை.

எழுந்து வெளியே போனேன்.
வேலியோரத்து வாழையில் ஒரு பிஞ்சைத் திருகி
தோலோடு நறுக்கி நீட்டினேன்.
வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான்.
விரதத்துக்கு ஆகுமா?
"காய்தானே, தின்னு!"
தொட்டிக்குள் தலைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த
மெலிசாந்தின் குரல்
எஃகில் மோதி இரட்டையாக வந்தது.

தின்றான்.
முகம் ஒரு பக்கமாய்ச் சுருங்க
அந்தச் சுருக்கத்தோடே கறுப்புத் தொட்டியைப் பார்த்தான்,
பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பார்ப்பவனைப் போல.
"தண்ணி அதிகச் சூடு," என்றான்.
"உமியிலிருந்து இறங்கியிருக்கு.
உங்க பாஷையில என்ன அது?"

துவர்ப்பு.

"துவார்ப்பூ."
கோயிலில் அர்த்தம் கேட்காமல் சொல்லும்
மந்திரத்தின் நீட்டலில் சொன்னான்.
கடைசியில் ஒரு பூ நின்றது.
நான் திருத்தவில்லை.
சாக்பீஸால் தொட்டியில் லத்தீன் எழுத்தில் அதை எழுதி
அடியில் 'மூன்று வாரம்' என்று கோடிட்டான்.
ரப்பர் பூட்ஸிலிருந்து நீர் சொட்டியது.
ஒன்பது நாள் கழித்து அந்தப் பாதம்
வெறுமையாய் இறங்கப்போகும் இடத்தை
அரைக்கணம் நினைத்து விட்டுவிட்டேன்.

ஐந்தாவதைக் காட்டி, இது? என்றேன்.
"தண்ணி. வண்டி ஓட்டணுமே நீங்க."

குடித்தேன்.
பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது,
ரசீதில் பல்லியை எழுதவில்லை.